கல்லில் இருந்த பெயர்ச்சீட்டை ஏன் எடுத்தோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாக எங்கள் மாட்டுங்கா கடைக்கு வந்து சவரக்கத்தி தீட்டும் பழைய கல் கேட்டவர்களுக்கெல்லாம் "இன்னும் பார்த்து முடிக்கவில்லை" என்றே சொல்லி அனுப்புகிறோம். அலமாரியில் பத்துப் பதினைந்து கல் கண்ணுக்குத் தெரிகிறது, கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள், இது என்ன வியாபாரம் என்று சிலர் அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது. போதாததற்கு, கற்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளையும் எடுத்துவிட்டோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

சென்ற தீபாவளிக்கு முன் ஒரு கரும்பச்சைப் பலகைக்கல்லை (ஸ்லேட் கல்லை) "துரிஞ்சியன்" என்று சொல்லி விற்றோம். ஜெர்மனியில் துரிஞ்சியா பகுதியிலிருந்து, சோன்னபெர்க் ஊரின் எஷர் நிறுவனத்தின் சீட்டோடு உலகமெங்கும் போன கற்கள் அவை. சவரக்கத்தி வைத்திருப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். எங்கள் கையில் இருந்த கல்லின் ஓரத்திலும் பாதி கிழிந்த பழைய சீட்டு ஒன்று இருந்தது. அதை நம்பினோம். வாங்கியவர் செம்பூர்க்காரர், பொறுமைசாலி. ஒரு மாதம் தீட்டிப் பார்த்துவிட்டு, கன்னம் எரிகிறது என்று கொண்டுவந்தார். மேல்பகுதியைத் தேய்த்து எடுத்துப் புதுத் தளத்தில் பார்த்தோம். துரிஞ்சியன் கல் எந்த நிறத்தில் இருந்தாலும் தண்ணீர் விட்டு இழைத்தால் பால் மாதிரி வெளிறிய குழம்புதான் விடும், அதைப் பால் என்றே சொல்வோம். இது கரும்சாம்பல் சேறாக விட்டது. சீட்டு பழையதுதான், ஆனால் கல் வேறு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றைக்கே மச்சானும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம்: இனிமேல் பெயரை விற்பதில்லை, கல் செய்கிற வேலையைத்தான் விற்பது.

எங்கள் கற்களில் பெரும்பாலானவை சோர் பஜாரில் கிடைப்பவை. மற்ற நாட்களில் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் பார்ப்போம். வெள்ளிக்கிழமை அந்தக் கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஜும்மா பஜார் விரிப்பார்கள். விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். ஸ்பேனர், பூட்டு, உடைந்த கடிகாரம் எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணெய் ஏறி நிலக்கரி மாதிரி ஒரு கட்டி கிடக்கும். "தார் லகானேகா பத்தர்", அதாவது கூர் தீட்டும் கல், என்பதற்கு மேல் விற்பவருக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் அந்த இருட்டில் தெரியாது.

அப்படிக் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் இயற்கைக் கல்லே இல்லை. அடிக்கடி ஏமாற்றுவது, பக்கவாட்டில் "இண்டியா" என்று பொறித்த செம்பழுப்புக் கல். நம் நாட்டு மலையில் வெட்டியது என்று சந்தோஷப்பட்டு நிறையப் பேர் வாங்கி வருகிறார்கள். அது அமெரிக்காவின் நார்ட்டன் கம்பெனி அலுமினியம் ஆக்சைடில் சுட்டுச் செய்யும் செயற்கைக் கல்லின் பெயர். தச்சு உளிக்கு நல்ல கல்தான், சவரக்கத்தியின் கடைசித் தீட்டலுக்கு ஆகாது. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் கிடைத்தால் அதற்குக் கொரண்டம் என்று பெயர், அந்த ஆங்கிலச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனது. 1893இல் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் காப்புரிமை வாங்கிய கார்பொரண்டம் என்ற செயற்கைப் பொருளின் பெயர் வாலிலும் அதே குருந்தம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல் செயற்கையானாலும் பெயரில் தமிழ் இருக்கிறது என்று மச்சான் ஒரு கார்பொரண்டக் கல்லை மட்டும் விற்காமல் மேஜையில் வைத்திருக்கிறார்.

சரி, இயற்கைக் கல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? முதலில் ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறல், அப்புறம் சலவைத்தூள் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் கூடாது, ஒட்டுக்கல்லாக இருந்தால் பசை விட்டுவிடும். இதையும் ஒரு கல்லைக் கெடுத்துத்தான் கற்றோம். அழுக்கு போனதும் தராசு. கல்லை ஒரு முறை சும்மா நிறுத்துக்கொள்வோம். நூலில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு இன்னொரு முறை நிறுப்போம். தண்ணீரில் எவ்வளவு எடை குறைகிறதோ அதால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். போன வாரம் ஒரு வெள்ளைக் கல் 412 கிராம் இருந்தது, தண்ணீரில் 158 கிராம் குறைந்தது. வகுத்தால் 2.61. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துக் கல் ஏறத்தாழ முழுக்கக் குவார்ட்ஸ், குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அதற்கு நெருங்க நெருங்க கல் இறுக்கமானது, நயமாகத் தீட்டும். 2.3க்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே துளைகள் அதிகம், அது சமையலறைக் கத்திக்கு. பலகைக்கல் 2.7, 2.8 என்று வரும். 3ஐத் தாண்டினால் எங்கள் இருவருக்கும் மனசு துள்ளும், ஏனென்றால் அது பெல்ஜியத்து மஞ்சள் கல்லாக இருக்கலாம்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கோட்டிக்யூல் என்று பெயர். ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம் ஊரைச் சுற்றி வெட்டியெடுப்பது. மஞ்சள் அடுக்கு மிக மெல்லியது என்பதால் அடியில் பலகைக்கல்லை ஒட்டி விற்பார்கள். சில கற்களில் ஊதா நிற அடுக்கு இயற்கையாகவே ஒட்டியிருக்கும். எடைக்குக் காரணம் உள்ளே நெருக்கமாகக் கிடக்கும் கார்னெட் மணிகள். நவரத்தின மோதிரத்தில் கோமேதகமாக உட்கார்ந்திருப்பதும் இதே கார்னெட் குடும்பம்தான். இந்த மணிகள் பட்டை பட்டையாக, ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் இரும்பை ஆழமாகக் கீறுவதில்லை, மேலாகச் சுரண்டிவிட்டு உருண்டு போய்விடும். மேலே குட்டிக்கல்லை வைத்து, சந்தனம் இழைப்பது போலத் தண்ணீர் விட்டு இழைத்தால் பால் வரும். கெட்டிப் பாலில் தீட்டினால் வேகமாக வெட்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து நீர்க்க விட்டு, கடைசியில் வெறும் தண்ணீரில் தீட்டினால் அதே கல் மிக நயமாக முடிக்கும்.

"எத்தனை நம்பர் கல்?" என்று கேட்பவர்களுக்கு எங்களால் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான். செயற்கைக் கல்லில் 1000, 8000 என்பது துகளின் அளவைச் சொல்லும் எண், எண் ஏற ஏறத் துகள் பொடியாகும். இயற்கைக் கல்லில் பால் எவ்வளவு கெட்டி, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இயற்கைக் கல்லுக்கு யாராவது நம்பர் போட்டு விற்றால் அது அவர்களுடைய மதிப்பீடு, அவ்வளவுதான்.

அடுத்து மட்டம் எடுப்பது. பழைய கல் நடுவில் குழிந்திருக்கும். ஊரில் தெருத்தெருவாக "அம்மி கொத்தலையோ" என்று வருவார்களே, அதற்கு நேர் எதிர் வேலை இது. தளம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர் விரித்து, கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அழியும்வரை தேய்ப்போம். பலகைக்கல்லுக்கு ஒரு மணி நேரம். ஆர்க்கன்சாவுக்குக் கார்பொரண்டத் தூள் போட்டும் இரண்டு மூன்று நாள் ஆகும், தோள்பட்டை கழன்றுவிடும். வீட்டில் நீங்களே செய்வதானால் ஒன்றே ஒன்று: எப்போதும் ஈரத்தில் செய்யுங்கள். இந்தக் கற்களின் காய்ந்த தூசியில் சிலிக்கா இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

இனி, தாமதத்துக்கு உண்மையான காரணம். ஒரே மாதிரி இரண்டு ஜெர்மன் சோலிங்கன் ஊர்ச் சவரக்கத்திகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் முன் கத்தியின் வாயைக் கண்ணாடி டம்ளரின் அடியில் லேசாக இழுத்து மழுக்கிவிடுவோம். பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் போன கல்லின் கூர்மையை இந்தக் கல்லின் கணக்கில் எழுதிவிடுவோம். அப்புறம் இரண்டு கத்தியையும் செயற்கைக் கற்களில் 1000இல் தொடங்கி 8000 வரை கொண்டுவருவோம். ஒன்றை 12000இல் முடிப்போம், மற்றதைச் சோதிக்கிற கல்லில். இரண்டையும் ஒரே தோல்வாரில் ஒரே எண்ணிக்கையில் இழுப்போம். பூதக்கண்ணாடியில் வாயைப் பார்ப்போம், ஆனால் பளபளப்புக்கு மதிப்பெண் கிடையாது. நல்ல இயற்கைக் கல் பல நேரம் மங்கலாகவே முடிக்கும்.

தொங்கும் முடியைக் கத்தியின் வாயில் வைத்து அறுகிறதா என்று பார்க்கும் சோதனையையும் செய்கிறோம், ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. முடியின் வேர்ப்பக்கத்தைப் பிடிக்கிறோமா நுனிப்பக்கத்தையா என்பதே விடையை மாற்றிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய முடியை வைத்து யாரும் கத்தியைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைசிச் சோதனை கன்னம். இடக்கன்னத்தில் 12000 கத்தி, வலக்கன்னத்தில் கல்லில் முடித்த கத்தி. மறுநாள் காலை எந்தப் பக்கம் எரிகிறது, எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று எழுதி வைப்போம். என் தாடி வளர இரண்டு நாள் வேண்டும். மச்சான் தாடி வைத்திருப்பதால் அவரால் பயனில்லை. ஆக வாரத்துக்கு மூன்று சோதனைதான். ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அலமாரி ஏன் நகரவில்லை என்று புரியும்.

இனி ஒவ்வொரு கல்லோடும் ஒரு அட்டை வரும். அளவு, எடை, அடர்த்தி, பாலின் நிறம், எண்ணெயா தண்ணீரா, கன்னம் சொன்ன தீர்ப்பு, எல்லாம் அதில் இருக்கும். எந்த ஊர்க் கல் என்பது உறுதியாகத் தெரிந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் "கரும்பச்சைப் பலகைக்கல்" என்று மட்டும் இருக்கும். பழைய சீட்டைத் தனி உறையில் போட்டுத் தருவோம், அதற்குக் காசு இல்லை. பெயரில்லாத கல்லுக்கு விலையும் குறையும். சொல்லப்போனால் இப்போது என் சொந்தக் கத்திக்கு நான் வைத்திருப்பதே ஊர் பேர் தெரியாத ஒரு சாம்பல் கல்தான்.

சென்ற ஆண்டு எங்களிடம் "துரிஞ்சியன்" என்று வாங்கியவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். கல்லைக் கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னே இழைத்துப் பார்ப்போம். பால் கறுத்தால் முழுப் பணமும் திரும்பும், ரசீது இல்லாவிட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் நாங்கள் பஜாரில் இருப்போம். மழைக்காலம் வருகிறது, கத்தியைக் கொண்டுவருபவர்கள் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவிக் கொண்டுவந்தால் துருவெடுக்கிற வேலை மிச்சம்.

அன்புடன்,
உங்கள் சாணைக்கல் கடைக்காரர்கள்,
மாட்டுங்கா, மும்பை