"படுத்திருங்கோ" என்ற மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நான் நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னதும், "ஏனம்மா இந்த நேரத்தில உடம்பை வருத்துறீங்கள், படுத்திருங்கோ" என்று கலங்கினாய். ரொறன்ரோவில் இருந்துகொண்டு என்னைப் பார்க்க முடியாத தவிப்பு அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஏன் நடக்கிறேன் என்பதை நீ சரியாக அறிய வேண்டுமென்று ஆறுதலாக எழுதுகிறேன்.

வீட்டுவேலையால் வரும் அலுப்பு ஒரு நித்திரையோடு போய்விடும். என் மார்புப் புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்து தரும் களைப்பு அப்படிப்பட்டதன்று. முதலிரண்டு தடவை மருந்தேற்றி வந்தபோது அயலவர் சொற்கேட்டுப் படுத்தே கிடந்தேன். இரவு முழுவதும் உறங்கி எழுந்தும், பல் துலக்கி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. படுத்தே இருந்தால் தசைகள் சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும் என்றும், பின்னர் குளியலறைக்குப் போய்வருவதற்கே மிஞ்சிய பலத்தில் பெரும்பங்கு செலவாவதால் மேலும் படுக்கத் தோன்றும் என்றும் கிளினிக்கில் இயன்மருத்துவர் விளக்கியபோதுதான், நான் ஓய்வென்று எண்ணியதே களைப்பை வளர்த்திருப்பது புரிந்தது.

மூன்றாம் தடவைக்குப் பின், வெயில் ஏறுமுன் குசினிக்கும் முன்வாசலுக்கும் இடையே ஐந்து நிமிடம் நடக்கத் தொடங்கினேன். இப்போது காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் நடக்கிறேன். கைபிடிக்காமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து மீண்டும் அமர்கிறேன். ஒருநாள் உடம்பு இலேசாக இருந்த மகிழ்ச்சியில் கடற்கரை வீதியான மரைன் டிரைவ் வரை போய், அடுத்த இரண்டு நாட்களும் எழும்ப முடியாமற் கிடந்தேன். அதன்பின் அளவு மீறுவதில்லை. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி புற்றுநோயாளருக்கென 2019 இல் வெளியிட்ட பரிந்துரையை மெதுவாகவே எட்டுவேன். மருந்தேற்றிய நாலாம் ஐந்தாம் நாட்களில் களைப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது ஐந்து நிமிடமே போதும்.

சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கிவிடுமோ என்று நீ கேட்டாய். கைவீக்கம் இருந்த பெண்களே மேற்பார்வையோடு தொடங்கிப் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கியபோது, வீக்கம் கூடவில்லை என்று அமெரிக்காவில் 2009 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நானோ இன்னும் சுவரில் விரல்களை மேலேற்றும் பயிற்சியோடுதான் நிற்கிறேன். வைத்தியர் சொல்லாமல் பாரம் தூக்கமாட்டேன்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை அப்பாவும் அறிவார். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிடுவேன். இரத்தப் பரிசோதனையில் அணுக்கள் மிகவும் குறைந்திருந்தால், வைத்தியரைக் கேட்காமல் தொடங்குவதுமில்லை. பாதம் விறைப்பதால் றப்பர் அடிச் சப்பாத்தோடு, சுவரோரமாகவே நடக்கிறேன்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகமாம். ஆகவே இனி எங்கள் மாலை ஐந்தரைக்கு, உனக்குக் காலை எட்டு மணிக்கு, எடு. நடந்துகொண்டே உன்னோடு கதைக்கிறேன். எனக்கு மூச்சு முட்டினால் உனக்கே கேட்கும், அப்போது "இருங்கோ அம்மா" என்று சொல்.

அன்புடன்,
அம்மா