மா. கிருஷ்ணன் ஓய்வு நேரத்தில் எழுதியவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மா. கிருஷ்ணனைப் பற்றி வந்த துணுக்கில், காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞரான அவர் ஓய்வு நேரங்களில் கட்டுரைகளும் எழுதினார் என்று ஒரு வரி. படித்ததும் மனம் நொந்துவிட்டது.

அவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் என்பது தாங்கள் அறியாததல்ல. இன்றைய கர்நாடகத்திலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பல பணிகள் பார்த்தவர், அது இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். பிறகு மாதச் சம்பளத்தை நம்பாமல் எழுதியும் படமெடுத்துமே வாழ்ந்தார். ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கை பற்றிய தொடர் பத்தியை 1996இல் மறையும்வரை விடவில்லை. 46 ஆண்டு உழைப்பையா ஓய்வு நேரம் என்கிறீர்கள்?

யானைக்குக் கொடுத்த அதே மதிப்பை அணிலுக்கும் காக்கைக்கும் பல்லிக்கும் கொடுத்தவர். நாட்டு நாய்களைப் பற்றி எழுதினார். சங்கப் பாடல்களில் வரும் உயிரினங்களை ஆராய்ந்தார். துப்பறியும் நாவல்கூட எழுதினார். கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களும் அவர் வரைந்தவையே.

நான் உயிரியல் ஆசிரியராக இருந்தவன். அவருடைய கட்டுரையொன்றை வகுப்பில் வாசித்துவிட்டு மாணவர்களைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடிக்கு அழைத்துப் போனேன். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் பையன்கள், கூட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்த அணிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மணியடித்தும் வரவில்லை. அவர்களை அப்படி நிற்க வைத்தது அவருடைய எழுத்து.

தங்கள் இதழுக்கு இயற்கை என்றால் புலியும் அருவியும்தான். மரம் நடும் விழாச் செய்திகளில் வெளிநாட்டு அலங்கார மரங்களைப் பாராட்டுகிறீர்கள். நம் மண்ணின் மரங்களையே நட வேண்டும் என்று கிருஷ்ணன் கடைசிவரை வாதாடினாரே! மைனாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை வெட்டிச் சுருக்கி, 'தெரியுமா உங்களுக்கு?' பகுதியில் நான்கு வரியாகப் போட்டீர்கள். ஏன் என்று கேட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. நெடுநாள் சந்தாதாரனுக்கு ஒரு அஞ்சலட்டை போடக்கூடவா முடியவில்லை?

அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அவர் பிறந்த நாளான ஜூன் 30ஐ ஒட்டி, உரிய அனுமதி பெற்று, அவருடைய தமிழ்க் கட்டுரை ஒன்றை வெட்டாமல் முழுதாக வெளியிட்டால் மகிழ்வேன். என் மைனா கட்டுரையின் கையெழுத்துப் பிரதியையும் திருப்பி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறை அதனுடனேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்