கட்டுப் போடாத காயம்: ஒரு நடத்துநரின் நன்றி மடல்

பணிமனைத் தோழர்களுக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், திருநெல்வேலி–பாபநாசம் தடத்துப் பயணிகளுக்கும் வணக்கம்.

தலையில் அடிபட்டு, மூளை அதிர்வால் லீவில் இருந்தவன், மறுபடியும் பையை மாட்டிக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன். ஒவ்வொருவரையும் தேடிப்போய் நன்றி சொல்லப் புறப்பட்டால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். அதனால்தான் இந்த மடல்.

பத்தமடை தாண்டி ஆடு குறுக்கே பாய்ந்ததில் ஓட்டுநர் அண்ணன் பிரேக் பிடித்தார்; வேறு வழியில்லை. என் நெற்றிப்பொட்டு கம்பியில் மோதியது. ரத்தம் வரவில்லை, நினைவும் தப்பவில்லை, சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. தொல்லையே அதுதான். மாவுக்கட்டுப் போட்ட காலைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார்கள். என் தலையில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? 'ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு லீவு?' என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் வணக்கம், அவ்வளவுதான்.

முதலில் நம்பியவர் அந்த இளம் மருத்துவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 86-க்கு அப்பால் எனக்கு எதுவும் வரவில்லை. அம்பாசமுத்திரம் கூட்டத்தில் நாலு பக்கமும் சில்லறை எண்ணிக் கொடுத்தவன், விழித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும்; மூளை அதிர்வில் பழுதாவது செல்களின் வேலை என்றார். குலுங்கியவுடன் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சீர்செய்யச் சர்க்கரைச் சத்து ஏராளமாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. யோசித்தாலே களைப்பு வந்ததன் காரணம் இது. என் மனைவிக்காக இதை மறுபடியும் பொறுமையாகச் சொன்னாரே, அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி.

இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்பது உறவினர்களின் வைத்தியம். பிசியோதெரபி அம்மா அதை ஒரே நாளில் மாற்றினார். முதல் இரண்டு நாள் ஓய்வு போதும், பிறகு நடக்க வேண்டும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்களும் இதையே சொல்கிறார்கள் என்றார். தலைவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று நானே மதிப்பெண் போட வேண்டும். நடக்கும்போது அது முன்பிருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கூடினால் நிறுத்திவிட வேண்டும். இரவு டியூட்டி முடித்த கண்களோடு வ.உ.சி. மைதானத்தில் என்னோடு சுற்றிய தோழரே, உங்கள் தூக்கத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

உள்காதும் கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் தலையைத் திருப்பினாலே சுவர் நகர்ந்தது. சுவரில் 'அ' எழுதி ஒட்டி, அதிலிருந்து பார்வை விலகாமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டவைத்தவள் என் மகள். கண்டிப்பில் எங்கள் டிக்கெட் பரிசோதகர்களே அவளிடம் பாடம் கேட்கலாம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பக்கம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் விட்ட கமிட்டித் தம்பிகளுக்கு நன்றி. கொடையில் அப்படியொரு சலுகையைக் கேட்டு வாங்கியது மதினியின் சாமர்த்தியம். நேரக்காப்பாளர் தன் அறையிலேயே எழுத்து வேலை கொடுத்தார். ஓட்டுநர் அண்ணன் என்னைப் பயணியாக நடு இருக்கையில் உட்காரவைத்துச் சேரன்மகாதேவி வரை ஓட்டிப் பார்த்தார். அடுத்து, கம்பியைப் பிடித்து நிற்கச் சொன்னார். அடுத்து, விசிலைக் கையில் கொடுத்தார்.

முழுதும் சரியாகிவிடவில்லை. மாலை டிரிப்பில் கூட்டமும் ஹாரனும் சேர்ந்தால் தலை கனக்கிறது, கணக்கும் மெதுவாகத்தான் வருகிறது. காத்திருக்கும் பயணிகளுக்கு நன்றி.

ஒன்று பாக்கியிருக்கிறது. அடிபட்ட அன்று டிக்கெட்டின் பின்புறம் மீதியை எழுதி வாங்கிக்கொண்டு, பணம் பெறாமலே இறங்கியவர்கள் சிலர் உண்டு. அந்த டிக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வண்டியில் பார்க்கும்போது கேளுங்கள், தந்துவிடுகிறேன்.