ப்ராக் அரை நாளில் முடிகிற ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், கடிகாரம், பாலம், பீர் ஆகிய மூன்றோடு செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் அரை நாளில் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அவருக்கு முடிந்திருக்கும். பஸ் கிளம்பியிருக்குமே!

அப்படிப்பட்ட பஸ்ஸில் நாத்தனாரோடு நானும் போனவள்தான். மகாமகக் குளத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு குளம் இருக்கிறது என்று ஊருக்குப் போய்ச் சொல்கிற மாதிரியான சுற்றுலா. நல்லவேளையாக, எங்களுக்கு வாய்த்த உள்ளூர் வழிகாட்டி விவரமான செக் அம்மாள். 1410-லிருந்து நிற்கிற அந்தக் கடிகாரத்தில் எலும்புக்கூட்டுப் பொம்மை மணியடிப்பதை எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து முடித்தார்கள். அப்புறம் அவர் எங்களை நகர மண்டபத்தின் மூலை திருப்பி, தரையைப் பார்க்கச் சொன்னார். கருங்கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். அவற்றின் மேலேயே நின்றுகொண்டு ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

1620-ல் வெள்ளை மலைப் போரில், ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்த செக் தரப்பு தோற்றது. மறு வருஷம் ஜூன் 21-ஆம் தேதி, கிளர்ச்சியை நடத்திய பிரபுக்கள், வீரர்கள், நகரத்தார் என 27 பேரை அந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். அவர்களில் யெசேனியஸ் என்ற மருத்துவர் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1600-ல் ப்ராகில் பொதுமக்கள் முன்னிலையில் சவத்தை அறுத்து உடற்கூறு விளக்கிய மனிதர். அவருக்கு முதலில் நாக்கை அறுத்து, பிறகு தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அதே கோபுரம்தான். படம் நன்றாக வந்திருக்கிறது.

கட்டுரையில் புகழ்ந்திருக்கும் 'பாரம்பரிய செக் இனிப்பு' டிர்டெல்னிக் பற்றி வழிகாட்டியைக் கேட்டேன். சின்ன வயதில் ப்ராகில் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சிரித்தார். சுற்றுலாக்காரர்களுக்காக வந்த பண்டமாம். போகட்டும், வயிற்று விஷயம்.

லிடிட்சே என்ற கிராமத்தின் விஷயத்தை அப்படி விட முடியவில்லை. ப்ராகிலிருந்து கூப்பிடு தூரம். 1942-ல் நாஜி அதிகாரி ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஜூன் 10-ஆம் தேதி அந்தக் கிராமத்தின் ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் 82 பேரை விஷவாயுவால் கொன்றார்கள். ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்த 82 பேருக்கும் அங்கே வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. வழியில் நிறுத்துங்கள் என்று எங்கள் மானேஜரிடம் கேட்டேன். "குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், சோகம் வேண்டாம் அம்மா" என்றார். சரி என்று பார்த்தால், கண்ணாடிச் சாமான் கடையில் மட்டும் பஸ் மணிக்கணக்கில் நின்றது. கடைசியில் நாத்தனாரும் நானும் சொந்தச் செலவில் டாக்சி பிடித்துப் போய்ப் பார்த்தோம். மதியச் சாப்பாடு எங்களுக்குக் கிடையாது என்றார்கள், அதையும் சகித்துக்கொண்டோம்.

உங்களுக்குத் தெரியாததா? தமிழறிஞர் கமில் சுவலபில் ப்ராகில் பிறந்தவர். 1968-ல் சோவியத் டாங்கிகள் புகுந்த பிறகு நாட்டை விட்டுப் போனவர். முருகனையும் சங்கப் பாட்டையும் மேல்நாட்டாருக்குச் சொன்ன மனிதரின் ஊருக்குப் போய்விட்டு, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அவர் பெயரே இல்லாமல் நாலு பக்கம்! பீருக்கு மட்டும் ஒரு பக்கம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன பாட்டா செருப்பு ஸ்லீன் என்ற செக் ஊரில் 1894-ல் தொடங்கியது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

முன்பு ஒருமுறை உங்கள் கோயில் கட்டுரையில் சோழர் காலக் கணக்கு தப்பு என்று எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் தப்பைச் சொன்ன வரியை மட்டும் வெட்டிவிட்டு, பாராட்டிய வரியை வைத்துக்கொண்டீர்கள். இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கச் சுற்றுலா விளம்பரம் இருப்பது தற்செயல் என்றே நம்புகிறேன். நம்பித்தானே சந்தா கட்டுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டுரையில் மூன்று இடங்களில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று வந்திருக்கிறது. அந்த நாடு 1993 ஜனவரி 1-ஆம் தேதியே இரண்டாகிவிட்டது. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். முடிந்தால், சுற்றுலா விளம்பரங்களில் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் பஸ் நிற்கும் என்பதையும் அச்சிடச் சொல்லுங்கள். கடைகளில் நிற்கும் நேரத்தைத் தனியாக.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்.