கிரியாட்டினின் நார்மல்தான், ஆனால்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டயாலிசிஸ் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவு, வாரத்துக்கு மூன்று நாள் அலைச்சல் எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிப்பது அதற்கும் பல வருடம் முன்னால். அதைப் பற்றி இரண்டு வரியோடு முடித்துவிட்டீர்கள். தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் ஒரு லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மிச்சத்தைச் சொல்கிறேன்.

எங்கள் லேபுக்கு மார்த்தாண்டத்திலிருந்தும் வருவார்கள், பாறசாலையிலிருந்தும் வருவார்கள். கையை நீட்டி ரத்தம் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. சிறுநீருக்கு டப்பாவை நீட்டினால்தான் முகம் மாறும். "ரெத்தம் தந்தாச்சுல்லா மக்ளே, அது போராதா?" என்பார்கள். பலர் டப்பாவை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

போதாது என்பதுதான் விஷயம். சர்க்கரை கூடிய ஆரம்ப காலத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். அந்தக் கூடுதல் அழுத்தத்தில் வடிகட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சேதமாகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். அப்போது வலி இருக்காது, கால் வீங்காது, சிறுநீரும் ஒழுங்காகப் போகும். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் ஏறக்குறைய பாதித் திறன் போயிருக்கும்.

சாதாரண யூரின் டெஸ்டில் 'ஆல்புமின் நில்' என்று வந்ததே, அது போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டைக்குச் சிறு கசிவு பெரும்பாலும் தெரியாது. தனியாக 'மைக்ரோ ஆல்புமின்' அல்லது 'ஏ.சி.ஆர்.' (சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்) என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை என்றால் ஆரம்பக் கட்டம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு இருந்தாலும் கூடிக் காட்டும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். பெரியவர்களுக்கு வரும் டைப் 2 என்றால் நோயைக் கண்டுபிடித்த அன்றே ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை.

இந்தக் கட்டத்தில் பிடித்தால் கசிவைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவே செய்யலாம். அதற்குத்தான் டாக்டர்கள் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்றவற்றை எழுதுகிறார்கள். கடைக்காரர் "இது பிரஷர் மாத்திரை" என்று சொன்னதும், "எனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்று நம் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள்! இன்னொரு பக்கம், ரப்பர் வெட்டி இடுப்பு வலிக்கிறது என்று சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டால் அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

எல்லையில் இன்னொரு சிக்கல். மாத்திரை இந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குவார்கள், பெரிய டாக்டரைத் திருவனந்தபுரத்தில் பார்ப்பார்கள். ஃபைல் இரண்டு, ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. போன வருட ஆல்புமின் எவ்வளவு என்று கேட்டால் வீட்டில் பீரோவைத்தான் குடைய வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி சர்க்கரை நோய் கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. நடுவில் இருக்கும் எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பதோ!

லேபுகள் விற்கும் 'சுகர் பேக்கேஜ்' பலவற்றில் கிரியாட்டினின் இருக்கிறது, இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை இல்லை. ஊரில் இலவச முகாம் நடத்துகிறவர்களும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். முகாமுக்கு வருகிறவர் கையில் ஒரு டப்பாவையும் கொடுத்தால் என்ன? உங்கள் அடுத்த கட்டுரையில் இதைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்