ஸ்மாஷுக்கு முன்னாடி சர்வீஸும் பாஸும் சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரிமங்கலம் பக்கத்துல இருந்து எழுதறேங்க. ஸ்கூல் விட்டு வர்ற பசங்க பொண்ணுங்களுக்கு சாயங்காலத்துல எனக்குத் தெரிஞ்ச வாலிபால சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். உங்க பேப்பர்ல மாவட்ட அளவு போட்டி ரிசல்ட்டெல்லாம் விடாம போடறீங்க, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியுற அளவுக்கு ஒரு டீம் எதனால தோத்துச்சுன்னு எங்கயும் பேச்சே வர்றதில்ல, அதை எழுதணும்னுதான் இந்த லெட்டர்.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு, அந்தப்பக்கம் ஊத்தங்கரை, பர்கூர், காவேரிப்பட்டணம்னு எந்த ஊர்ல பொங்கல் டோர்னமெண்ட் வெச்சாலும் சின்னப்பசங்க மேட்ச கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. சர்வீஸ் நெட்ல மாட்டுது, இல்லன்னா லைனுக்கு வெளிய போகுது, தப்பித்தவறி உள்ள வந்தா எதிர்ல நிக்கிற புள்ள எடுக்கத் தெரியாம தட்டி விட்டுருது. ஒரு டீம் பாலத் தொடக்கூடிய மூணு டச்சும் முழுசா நடந்து பால் அந்தப்பக்கம் போறதே அபூர்வமா இருக்கு. இதே பசங்க ப்ராக்டிஸ்ல என்ன பண்றாங்கன்னா நெட்டு கட்டுன உடனே வரிசையா நின்னு ஸ்மாஷ் அடிக்கறாங்க, இருட்டற வரைக்கும் அதேதான், சர்வீஸ் போடறது கடைசில மேட்ச் ஆடறப்போ மட்டும்தான்.

பெரியவங்க சிலர் இன்னும் பழைய கணக்குலயே சொல்லிக்குடுக்கறாங்க. அந்தக்காலத்துல சர்வீஸ் போடற டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட், சர்வீஸ் வெளிய போனா சர்வீஸ்தான் கைமாறும், பாயிண்ட் போகாது. அதனால "இழுத்து அடிடா, போனா போகட்டும்"னு சொன்னது அப்போ சரி. 1990கள் கடைசில ராலி பாயிண்ட் முறை வந்ததுல இருந்து ஒவ்வொரு சர்வீஸ் தப்பும் எதிராளிக்கு நேரா ஒரு பாயிண்ட். 25 பாயிண்ட் செட்ல ஆளுக்கு ஒரு சர்வீஸ் வெளிய விட்டாலே ஆறு பாயிண்ட் சும்மா தூக்கிக் குடுத்த மாதிரி, அதுக்கப்புறம் எவ்வளவு ஸ்மாஷ் அடிச்சு அதை ஈடுகட்டறது?

சர்வீஸ்ல பசங்க தப்பு பண்றது கையில இல்லைங்க, பால தூக்கிப் போடறதுலதான். ஒருதடவை தலைக்கு மேல, அடுத்ததடவை முதுகுக்குப் பின்னாடின்னு போட்டா எந்தக் கையும் ஒரே மாதிரி அடிக்காது. அடிக்கிற தோளுக்கு நேரா, கொஞ்சம் முன்னாடி, ரெண்டு மூணு அடி உயரத்துக்கு மேல போகாம, சுத்தாம போடணும். வலது கைக்காரங்களுக்கு இடது கால் முன்னாடி. உள்ளங்கையோட கெட்டியான அடிப்பாகத்தால பாலோட நடுவுல தட்டி, தட்டுன உடனே கைய நிறுத்திரணும், அப்போதான் பால் சுத்தாம போகும். சுத்தாத பால் காத்துல இப்படியும் அப்படியும் ஆடிட்டுப் போறதால எங்க வரும்னு எதிர்ல நிக்கறவங்களால கணிக்க முடியாது, இதுதான் ஃப்ளோட் சர்வீஸ், இதுக்கு பெரிய பலமெல்லாம் வேண்டியதில்ல. அதை விட்டுட்டு டிவில ப்ரைம் வாலிபால் பாத்துட்டு எட்டாம் கிளாஸ் பையன் ஜம்ப் சர்வீஸ் போடப் போறான், தோள்தான் போகும்.

ரொம்ப சின்னப்புள்ளைங்கள மொதல்ல நெட்ல இருந்து ஆறு மீட்டர்ல நிக்க வெச்சு போடச் சொல்லுங்க, பழகப் பழக ஒவ்வொரு அடியா பின்னாடி நகர்த்தி ஒம்பது மீட்டர் லைனுக்குக் கொண்டு போகலாம். கைய கீழ இருந்து வீசிப் போடற அண்டர்ஹேண்ட் சர்வீஸ கேவலமா நெனைக்க வேண்டாம், பத்து பன்னெண்டு வயசுல அது உள்ள விழுந்தா அதுவே நல்ல சர்வீஸ். நம்ம கிரவுண்டெல்லாம் திறந்தவெளி, ஆடி மாசத்துக் காத்துல ஒரு பக்கம் நின்னு போடற சர்வீஸ் மறுபக்கம் நின்னு போட்டா அப்படியே வெளிய போயிரும், அதனால ரெண்டு பக்கமும் நின்னு போட்டுப் பழகணும்னும் சொல்லிக்குடுக்கணும். சர்வீஸ் உள்ள விழ ஆரம்பிச்சதும் ரெண்டு பேருக்கு நடுவுல குறி வெக்கச் சொல்லுங்க, "நீ எடுப்பேன்னு நான் விட்டேன்"னு அவங்களுக்குள்ள குழம்புறதுலயே பாயிண்ட் வந்துரும்.

பாஸ், அதாவது எதிராளி போட்ட சர்வீஸ எடுத்து நம்ம ஆளுக்கு அனுப்பறது, இதைவிட முக்கியம்னு நான் சொல்லுவேன். இந்திய டீமுக்கே செட்டரா, அதாவது ஸ்மாஷ் அடிக்கறவருக்கு பால தூக்கிக் குடுக்கறவரா ஆடுன நம்ம உக்கரபாண்டியன் மாதிரி ஒருத்தர் நம்ம டீம்ல நின்னாலும், மொத பாஸ் கோர்ட்டுக்கு வெளிய போச்சுன்னா அவர் ஓடிப்போய் பால காப்பாத்தத்தான் முடியும், யாருக்கு செட் பண்றதுன்னு யோசிக்க நேரமே இருக்காது. நம்ம பசங்க பால் வந்ததும் கைய வீசறாங்க, அது பறந்து எங்கயோ போகுது. கைய வீசவே கூடாதுங்க. ரெண்டு முழங்கையும் மடங்காம நீட்டி, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்கற தட்டையான எடத்துல பால வாங்கணும், எந்தப்பக்கம் போகணுமோ அந்தப்பக்கம் தோள சாய்ச்சா போதும், மீதிய காலு பாத்துக்கும். பால் வந்தப்புறம் கைய மட்டும் நீட்டாம, எதிராளி கை பாலத் தொடறப்பவே கால் நகர ஆரம்பிச்சு பாலுக்குப் பின்னாடி போய் முட்டி மடக்கி நிக்கணும், "எனக்கு"ன்னு சத்தமா சொல்லணும். மொத டச்ல விரலால மேல எடுக்கறப்போ ஒரே அசைவுல டபுள் ஆனாலும், அதாவது பால் ரெண்டு கையிலயும் அடுத்தடுத்து பட்டாலும் தப்பு இல்லன்னு ரூல்லயே இருக்கு, புடிச்சு விடாம இருந்தா சரி, இது நெறய பேருக்குத் தெரியாம லோக்கல் அம்பயருங்க விசில் ஊதிடறாங்க.

பசங்க பாஸ் எடுக்க பயப்படறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பாலுதான். கல்லு மாதிரி காத்தடிச்சு வெக்கறாங்க, கை செவந்து தடிச்சுப் போகுது, அடுத்தநாள் அந்தப் புள்ள கைய ஒதுக்கிக்கும். வாலிபாலோட காத்தழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைக்கும்தான் இருக்கணும், எடை 260ல இருந்து 280 கிராம். பம்ப்போட ஒரு கேஜ் வாங்கி வெச்சா தீர்ந்துச்சு. அதே மாதிரி நெட்டும், 2.43 மீட்டர் ஆம்பளைங்களுக்கான உயரம், பொம்பளைங்களுக்கு 2.24, பெரியவங்களுக்குக் கட்டுன அதே நெட்லயே பன்னெண்டு வயசுப் புள்ளைங்களையும் ஆட விட்டா சர்வீஸ் எப்படி தாண்டும், தயவுசெஞ்சு இறக்கிக் கட்டுங்க.

ப்ராக்டிஸ் நேரத்துல பாதிய சர்வீஸ், பாஸுக்கு ஒதுக்குங்கன்னு பி.டி. மாஸ்டருங்களையும் கிளப் அண்ணன்மாரையும் கேட்டுக்கறேன். பெரிய செலவே இல்ல. செட்டர் நிக்கிற எடத்துல, நெட்டுக்குப் பக்கத்துல ரெண்டாம் நம்பர் எடத்துக்கும் (முன்வரிசை வலது) மூணாம் நம்பர் எடத்துக்கும் (முன்வரிசை நடு) நடுவுல ஒரு தக்காளி கிரேட்ட வைங்க, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமில்ல. ஒருபக்கம் வரிசையா சர்வீஸ் போடட்டும், மறுபக்கம் மூணு பேர் எடுத்து கிரேட்டுக்கு அனுப்பட்டும். கிரேட்டுகிட்ட போனா மூணு மார்க், செட்டர் ரெண்டு அடி நகர்ற மாதிரி போனா ரெண்டு, தூரமா ஓட வெச்சா ஒண்ணு, பால் போயிருச்சுன்னா பூஜ்யம், உக்காந்திருக்கற ஒரு புள்ள நோட்ல எழுதட்டும். ஒரு மாசம் எழுதுனா யாரு எந்த எடத்துல நின்னா நல்லா எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுரும். ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு தட்டிக்கறது நல்லதுதான், ஆனா மேட்ச்ல பால் நெட்டுக்கு மேல வருது, அதனால நெசமான சர்வீஸத்தான் எடுத்துப் பழகணும்.

குள்ளமா இருக்கான்னு ஒதுக்கி வெக்கிற பையன் இந்த நோட்டுல மொதல்ல வர்றத நான் பாத்திருக்கேன். 1998லயே லிபரோன்னு ஒரு எடத்த உருவாக்கிட்டாங்க, சர்வீஸ் எடுக்கறதும் டிஃபென்ஸும்தான் அந்த ஆளோட வேலை, அதுக்கு உயரம் தேவையே இல்ல. ஆனா நம்ம ஊர் டோர்னமெண்ட்ல கப்பு, ஆடு, ஃபேன்னு பரிசு எல்லாம் நல்லா அடிச்சவனுக்கே போகுது. நடத்தறவங்க பெஸ்ட் ஸ்பைக்கரோட சேத்து நல்லா சர்வீஸ் எடுத்த ஆளுக்கும் ஒரு பரிசு வைங்க, பொண்ணுங்க டீம்லயும் வைங்க.

ஊராட்சிகளுக்கு 2024ல கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு குடுத்தாங்க, அந்த சாமானெல்லாம் பூட்டிக் கெடக்காம சாயங்காலம் புள்ளைங்க கைக்கு வரணும், ஒரே பால வெச்சுக்கிட்டு பதினஞ்சு பேர் சுத்தி நின்னா யாரு கத்துக்க முடியும்? மே மாச லீவுல தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்ட விளையாட்டு அலுவலர்களும் பதினாலு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு சர்வீஸ், பாஸுக்குன்னே தனியா ஒரு கேம்ப் போட்டா, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி தூரத்து ஊர் புள்ளைங்களுக்கு பஸ் செலவும் குடுத்து கூப்பிட்டா ரொம்ப உதவியா இருக்கும். உங்க பேப்பர்ல இதை ஒரு கோரிக்கையா போட்டுக் குடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாலிபால் ஆர்வலர்,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்.