ஆளில்லை என்கிறவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் வந்த திருப்பூர் தொழில் நிலவரக் கட்டுரையை முழுவதும் படித்தேன். நூல் விலை, மின் கட்டணம், அமெரிக்கா போட்ட வரி எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி: "வேலை கொட்டிக் கிடக்கிறது, நம்ம ஊர்ப் பையன்களுக்குத்தான் உடம்பு வணங்கவில்லை." பெயர் சொல்ல விரும்பாத ஏற்றுமதியாளர் ஒருவர் சொன்னாராம். அதைப் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். தன் பெயரைச் சொல்லக்கூட உடம்பு வணங்காத ஒருவர் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை!

நான் பெருமாநல்லூர்க்காரி. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு பனியன் கம்பெனிக்கு, துணியைக் கையால் மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவள். பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, ஓவர்லாக் தையல் மெஷின் பழகி, பிள்ளை பிறக்கிற மாதம் வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காங்கயம் பக்கம் மழை பொய்த்து, கிணறு வற்றி, காட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தவர். ஹெல்பராகச் சேர்ந்து, சிங்கர் டெய்லராகி, பவர் டேபிள் எனும் தையல் மெஷின் வரிசையைக் காண்ட்ராக்ட் எடுத்து, கடைசியில் பத்து மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகள் கொடுப்பதைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் செய்கிறார். உழைப்பைப் பற்றி எங்கள் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த ஏற்றுமதியாளர் வசதியாக மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு நாங்கள் ராத்திரி பகலாக உழைத்தது அந்த வாரச் சம்பளத்துக்காக மட்டும் இல்லை. ஹெல்பர் டெய்லராவான், டெய்லர் காண்ட்ராக்டர் ஆவான், கொஞ்சம் துணிந்தவன் நாலு மெஷின் வாங்கிக் கம்பெனி போடுவான் என்பது கண்ணெதிரே நடந்தது. இன்றைக்கு முதலாளிகளாக இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள் என்று தங்களுக்குத் தெரியாதா என்ன? உங்கள் பத்திரிகையே அவர்களை வரிசையாகப் பேட்டி எடுத்துப் போட்டிருக்கிறதே. அந்தப் படிக்கட்டு இப்போது எங்கே இருக்கிறது? எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்கலாம் என்று வெளிநாடுகள் அளவு வைத்திருந்த கோட்டா முறை 2005இல் போன பிறகு பெரிய கம்பெனிகள் நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுபோய்விட்டன. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தால் பத்து மெஷின்காரன் கதவைச் சாத்த வேண்டியதுதான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தது. நொய்யல் கெட்டது உண்மை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பெரிய கம்பெனிக்காரர்கள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டார்கள், மெஷின்களை எடைக்குப் போட்டது எங்கள் தெருக்காரர்கள். அப்புறம் 2016இல் நோட்டு செல்லாமல் போனது, மறு வருடம் ஜி.எஸ்.டி., அடுத்து கொரோனா. 2022இல் நூல் விலை எகிறியபோது வாங்கின ஆர்டரை நஷ்டத்தில் முடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அதே வருடம் செப்டம்பரில் கரண்டு கட்டணமும் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி என்றதும் பெரிய கம்பெனியில் ஆர்டர் நின்றது, எங்களுக்கு ஜாப் ஒர்க் நின்றது, எங்களிடம் இருந்த ரெண்டு ஹெல்பர் பையன்களைப் "பொறுங்க தம்பி, சொல்லி அனுப்பறேன்" என்று அனுப்பி வைத்தோம். அவர்களும் உடம்பு வணங்காத கணக்கில்தான் சேர்வார்களோ?

என் மகன் பி.இ. மெக்கானிக்கல். முதல் வகுப்பு. மெஷின் எண்ணெய் வாசத்தில் வளர்ந்தவன், ஓவர்லாக் பழுதானால் அவனே பிரித்து மாட்டுவான். மேலே சொன்ன மாதிரி ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனான். ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசருக்கு அசிஸ்டென்டாம். பன்னிரண்டாயிரம் சம்பளம். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பது, ஷிப்மென்ட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். பி.எஃப். எப்போது என்று கேட்டதற்கு, "இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள சட்டம் பேசறியா தம்பி" என்றாராம் மேனேஜர். சரி, அதற்கும் ஒத்துக்கொண்டான். கடைசியில் அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? "உள்ளூர்ப் பையனுங்க கல்யாணம், காது குத்து, நோம்பின்னு லீவு கேப்பீங்க. எங்களுக்குச் சரிப்படாது." ஆக, உள்ளூர்ப் பையன் வருவதில்லை என்று பத்திரிகையில் புலம்புகிறவர்களும், வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவர்களும் ஒரே ஆட்கள்.

வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீதியிலும் இருக்கிறார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். அவர்கள் கம்பெனி ரூமிலேயே பத்துப் பேராகப் படுத்து எழுந்து, சாமத்தில் எழுப்பினாலும் வேலைக்கு நிற்கிறார்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் கேட்க அப்பன் ஆத்தா பக்கத்தில் கிடையாது. முதலாளிகளுக்குப் பிடித்திருப்பது அவர்களுடைய சுறுசுறுப்பு மட்டும்தானா? 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ பரவி அவர்கள் ரயிலேறியபோது இந்த ஊர் எப்படிப் பதறியது! ஸ்டேஷன் வரை போய்ச் சமாதானம் பேசினார்கள். அந்தக் கரிசனத்தில் கால்வாசியை உள்ளூர்ப் பையனுக்குக் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

படிப்புக்கு வருகிறேன், அதில் தங்களுக்கும் பங்கு இருப்பதால். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரங்கள்: 100 சதவீத வேலைவாய்ப்பு, டை கட்டிய பிள்ளைகள் சிரிக்கிற படம். அதை நம்பித்தான் பாங்கியில் கடன் வாங்கினோம், 4 லட்சம் வரை ஜாமீன் கேட்பதில்லையே. என் மகன் படித்த கல்லூரியிலும் கடைசி வருடம் ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள். சேரும் தேதி பின்னால் சொல்வோம் என்று அதிலேயே போட்டிருந்தது. அந்தத் தேதி இன்னும் வரவில்லை, பாங்கிக்காரர் மட்டும் தேதி தவறாமல் கூப்பிடுகிறார். விளம்பரத்தில் வந்த 100 சதவீதத்தில் என் மகனும் ஒரு தலை.

இந்தக் கோயமுத்தூர் மண்ணில்தான் புதுப்புது மெஷின்களைக் கண்டுபிடித்த ஜி.டி. நாயுடு இருந்தார். இந்தியாவிலேயே முதல் மின் மோட்டார் 1937இல் இங்கே தயாரானது என்று பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லும். இன்ஜினியரிங்குக்கு நாலு வருடம் எதற்கு, இரண்டே வருடம் போதும், கையால் செய்து பழகட்டும் என்று அவர் சண்டை பிடித்ததை யாரும் சொல்வதில்லை. என் மகன் நாலு வருடத்தில் இரும்பு கடைகிற லேத் மெஷினைத் தொட்டது லேப் பரீட்சைக்குத்தான். முன்பெல்லாம் பம்ப் பட்டறைகளில், லேத் ஓட்டுகிற பழைய டர்னர்கள் பக்கத்தில் நிறுத்திப் பையன்களைப் பழக்கிவிடுவார்கள். இப்போது பட்டறைக்காரரைக் கேட்டால், "பழக்கி விட்டா பக்கத்துப் பட்டறைக்கு ஓடிருவானுங்க அக்கா" என்கிறார். முப்பது பேருக்கு மேல் வைத்திருக்கிற கம்பெனி அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே. எடுப்பவர்களும் உண்டு. பாதிப் பேர் அதைக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிற வழியாக வைத்திருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் அடைத்துவைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கூட்டிப்போனார்களே, அந்தப் பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்? அப்போதும் "பெண்களுக்கு வேலைவாய்ப்பு" என்றுதான் செய்தி வந்தது. என் மகள் பி.காம். முடித்துவிட்டுக் கணக்கு எழுதப் போனாள். ஷிப்மென்ட் நாளில் இரவு பத்து மணியாகும், பெருமாநல்லூருக்குப் பஸ் இருந்தால் வா என்றார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள்.

மத்திய அரசாங்கம் வேலையில்லாதவர்களைக் கணக்கெடுக்கிறது. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவன் அந்த வாரம் வேலையில் இருப்பவன். என் மகன் அப்பாவுக்குத் துணையாக டெம்போவில் பீஸ் கட்டு ஏற்றி இறக்குகிறான், அதனால் டெல்லிக் கணக்கில் அவனுக்கு வேலை இருக்கிறது! மாநில அரசிடம் போனால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. அதற்கும் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 குரூப் 4 பரீட்சையில் 7,301 இடத்துக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். உடம்பு வணங்காதவன் விடிகாலை எழுந்து நூலகத்தில் இடம் பிடிக்க மாட்டான். எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் வி.ஏ.ஓ. கனவில் முப்பதைத் தாண்டிவிட்டார்கள்.

முப்பதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பெண் வீட்டார் முதலில் கேட்பதே, "பையன் எங்க இருக்கறானுங்க, ஐ.டி.யா, கவர்மென்ட்டா?" தோட்டம் இருந்தாலும் சரி, மெஷின் இருந்தாலும் சரி, ஜாதகம் திரும்பி வந்துவிடுகிறது. ஒருகாலத்தில் பனியன் கம்பெனி மாப்பிள்ளை என்றால் வாசல் வரை வந்து கூப்பிட்ட சனம்தான். இதையும் முதலாளிகள் தலையில் கட்ட முடியாது, இது நம் ஜனங்களின் புத்தி. வயசுப் பிள்ளை வருமானமும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் வீட்டில் இருந்தால் போனைத்தான் நோண்டுவான். 2025இல் தடை வரும்வரை அந்தப் போனிலேயே பணம் கட்டி ரம்மி, அந்தப் போனிலேயே கடன் ஆப். அவர்கள் அம்மாக்களை நாங்கள் சந்தையில் பார்க்கிறோம், பேச்சைச் சுருக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு பஸ் வசதி கேட்டு நான் எழுதிய கடிதத்தை ரெண்டு வரியாக நறுக்கிப் போட்டீர்கள். இதையும் நறுக்குவீர்கள், இடம் உங்களுடையது. ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் "ஆட்கள் தேவை, சம்பளம் நேரில்" என்று போடுவதை நிறுத்துங்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், பி.எஃப். உண்டா இல்லையா, இந்த மூன்றும் இல்லாத விளம்பரத்தை வாங்காதீர்கள். பஸ் காசு போட்டு நேரில் போய், காலை முழுக்கக் காத்திருந்து, எட்டாயிரம் என்று கேட்டுத் திரும்புகிற அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். அந்த மாதிரி ஏற்றுமதியாளர்கள் கொடுக்கிற ஜாப் ஒர்க்கில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அவருக்குக் கொடுத்த சலுகையை எனக்கும் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.